ஓடும் பிள்ளையைப் பிடிக்கும் கமரா

வலைப்பூவில் எழுதப் பழகி ஆறு மாதம்தான். இதை எழுத மாலை அஸர் தொழுகையிலிருந்து மஃரிப் வரை ஆனது.

என் மகளின் சின்ன வயதுப் படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. அல்பத்தைச் சுனாமி கொண்டுபோனது. பேத்தியையாவது பிடித்து வைக்க, இன்று அவளையும் கூட்டிக்கொண்டு கல்முனைக்குக் கமரா வாங்கப் போனேன்.

கடைக்காரத் தம்பி பெரியதொன்றை எடுத்தார். "ஹாஜியார், இது பதினாலு மெகாபிக்சல்."

"அது கிடக்கட்டும் மனே. இவள் ஓடக்குள்ள பிடிக்குமா?"

அழுத்தினார். கமரா யோசித்து முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். படத்தில் என் இடுப்புச் சாரன் மட்டும் இருந்தது.

"புள்ளய நிக்கச் சொல்லுங்களன்."

"நிண்டால் அது எங்கட புள்ள இல்ல."

தம்பி சிரித்தார். சலிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். ஐந்தாவது, கைக்குள் அடங்கும் சிறியது, அவள் வாயைத் திறந்துகொண்டு ஓடுவதை அப்படியே பிடித்தது.

வீட்டில் மகள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "நானும் இப்பிடியா வாப்பா ஓடின?"

"ஓம். இதே வாயோட."

படத்தை இங்கே போட்டிருக்கிறேன். கரையிலிருந்து தள்ளி இருக்கும் இறக்காமத்து நண்பர்கள் ஆளுக்கொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்குள் யானைதான் வரும், கடல் வராது.