வைத்தியலிங்கம் கொடுத்த சம்மதம்

மதுரை கோர்ட்டில் வக்கீல்கள் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அப்பீல் ஒன்றுக்காக வந்திருந்த பழனி வக்கீல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க கொடைக்கானல் சிநேகிதர் தவறிட்டாரே, தெரியுமில்ல?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. நெஞ்சில் சளி கட்டி, மண் சரிந்து பாதை அடைபட்டதில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வழியில்லாமல் வைத்தியலிங்கம் போய்ச் சேர்ந்துவிட்டான். சாம்பலும் கரைத்தாகிவிட்டது. யாருக்கும் தந்தி கொடுக்க வேண்டாம் என்று அவனே சொல்லியிருந்தானாம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. மதுரையை விட்டுப் போனபோதும் அவன் இப்படித்தான் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

நம் வக்கீல் மன்றத்தில் பலருக்கு அவனைத் தெரியும். நானும் அவனும் ஒரே சீனியரிடம் ஜூனியர்களாகச் சேர்ந்தவர்கள். பெரியவர் என்றுதான் அவரைச் சொல்வோம். வைத்தியின் தாத்தா வக்கீல், அப்பா வக்கீல். பெரியவர் தன் மகள் காமாட்சியையும் அவனுக்குக் கட்டிக்கொடுத்தார். நாளைக்கு அந்த ஆபீஸே அவனுக்குத்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பொறாமைப்படாதவன் எவனும் எங்களில் இல்லை.

அவன் அதை விட்டுப் போனதற்குக் காரணம் ஒரு மலைக்காரர். ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆபீஸ் நடத்திய அவருடைய அப்பீல் முந்தின நாளே தள்ளுபடியாகியிருந்தது. நாங்கள் எல்லோரும் அவரைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தோம், அவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்குக் கட்டைப் பார்த்தால் ஒவ்வொரு தாளும் தெரியும், ஆளைத் தெரியாது. வைத்திதான் கடைசியில் விசாரித்து, தோற்றுப்போன சேதியைச் சொன்னான். அந்த வாரமே பெரியவரிடம் போய், "கட்சிக்காரன் முகம் தெரிகிற இடத்தில் இருந்து பார்க்கிறேன், மாமா" என்றானாம். மூளை குழம்பிவிட்டது என்று நான் சொன்னேன். பெரியவர் அவன் நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை.

கொடைக்கானலில், பஜாருக்குக் கீழே, மிஷன் பள்ளிக்கூடத்து ஞானமணி டீச்சர் வீட்டு முன்னறையில் அவனுடைய ஆபீஸ் இருந்தது. பின்கட்டில் குடித்தனம். கோடை விடுமுறைக்குக் கோர்ட் மூடியதும் நான் குடும்பத்தோடு மேலே போவேன். தோட்டக்காரர்கள், குதிரைக்காரர்கள், பங்களாச் சமையல்காரர்கள் என்று ஈரக் கம்பளியோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவான். "சார் ரொம்ப குட் மேன், ஆனா ஒரு போர்டு கூட வைக்க மாட்டேங்குறார், டாக்டர் வீடுன்னு நெனச்சு பேஷண்ட் வர்றாங்க" என்று டீச்சர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவன் அப்போதே இருமிக்கொண்டிருந்தான். அந்தக் குளிர் அவன் உடம்புக்கு ஆகவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தான், அதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சந்தோஷம் குப்பாண்டி வழக்கோடு போயிற்று.

குப்பாண்டி மேல்மலையில் கவுஞ்சி கிராமத்துக்காரர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் திருத்திய காட்டில் உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டுப் பிழைத்தவர். பக்கத்து எஸ்டேட்காரர் அந்தக் காடு தன்னுடையது, குப்பாண்டியின் அப்பன் அங்கே தாங்கள் வைத்த காவல்காரன்தான் என்று பழனி கோர்ட்டில் வழக்குப் போட்டார். காகிதம் இரண்டு பக்கமும் சரியாக இல்லை. ஆனால் ஊர்ச் சாட்சிகள் குப்பாண்டி பக்கம் நன்றாகச் சொன்னார்கள். வழக்கு வைத்தியின் கையில் இருந்தது.

அப்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வக்கீல் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நம் சட்டத்தில் ஒரு வழி உண்டு. எதிராளி கோயிலில் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் சொல்லலாம். அதற்கு மற்றவர் ஒப்புக்கொண்டால், அந்தச் சத்தியமே தீர்ப்பு; ஒப்புக்கொண்ட பிறகு சத்தியம் செய்ய மறுத்தால் வழக்குப் போயிற்று. காட்டைத் திருத்தியது தன் அப்பன்தான் என்று பழனியாண்டவர் சந்நிதியில் குப்பாண்டி கற்பூரத்தில் அடித்துச் சொல்லட்டும், எஸ்டேட்காரர் விலகிக்கொள்கிறார் என்றார் அந்த வக்கீல். வைத்தி எழுந்து "சம்மதம்" என்றான். பின்னால் நின்ற குப்பாண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காடு அவருடையது, மனிதர் பொய் சொல்லாதவர், ஒரு கற்பூரத்தோடு வழக்கு முடிந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்களும்தான். ஆனால் எஸ்டேட்காரர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்தது மதுரைக்கார வைத்திக்குத் தெரியவில்லை.

குறித்த நாளில் கோர்ட் அனுப்பிய கமிஷனர், இரண்டு வக்கீல்கள், எஸ்டேட்காரர் எல்லோரும் பழனிமலை மேல் கூடினார்கள். குப்பாண்டி மலைப்பாதையில் நடந்தே இறங்கி, குளித்து, ஈர வேட்டியோடு வந்து நின்றார். கற்பூரம் ஏற்றினார்கள். அவர் கும்பிட்டார். பிறகு இரண்டடி பின்னால் போனார்.

வைத்தி அவரைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை, அவன் என்னிடம் ஒரு சொல் மாற்றாமல் பலமுறை சொல்லியிருக்கிறான்.

"நெசந்தாங்கய்யா, எங்கப்பன் வெட்டுன காடுதான். அதுக்காகச் சாமியச் சாட்சிக்கு இழுக்கலாமாங்க? எங்கண்ணன் நெசத்துக்குத்தான் கற்பூரத்துல அடிச்சாரு. அந்த வருசமே தலப்புள்ளயத் தூக்கிட்டுப் போயிப் பொதச்சோம். எம்மக இப்ப மாசமா இருக்கா. காடு போனாப் போகுதுங்க."

வைத்தி கெஞ்சினான். கோபப்பட்டான். கடைசியில் அவருக்குப் பதிலாக நான் செய்கிறேன் என்று கமிஷனரிடம் போய் நின்றான். அவர் பரிதாபமாகப் பார்த்தாராம். இதற்குள் கற்பூரம் அணைந்துவிட்டது. சத்தியம் செய்ய மறுத்தார் என்று எழுதிக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். சட்டப்படி கோர்ட் வேறு என்ன செய்ய முடியும்? குப்பாண்டி தோற்றார்.

அப்பீலுக்கு ஒரே வழி இருந்தது. கட்சிக்காரரைக் கேட்காமல் நானாகச் சம்மதம் சொன்னேன் என்று வைத்தியே பிரமாணப் பத்திரம் போட வேண்டும். பெரியவர் அவனை வரவழைத்தார். அதைப் போட்டால் தொழிலில் உன் பெயர் போய்விடும், போடாதே, மலையை விட்டு வந்து உன் நாற்காலியில் உட்கார் என்றார். நானும் அறையில் இருந்தேன். வைத்தி, "கேட்காமல் சொன்னது நான் மாமா, காடு போவது அவருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டான்.

மதுரையில் அந்தப் பத்திரம் வாசிக்கப்பட்டபோது அவன் எழுந்து நின்றுகொண்டே இருந்தான். பின்வரிசையில் சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், இங்கே சொல்லவில்லை. அப்பீலும் தள்ளுபடியாயிற்று. வக்காலத்தில் கைநாட்டு வைத்தபோதே குப்பாண்டி தன் வாயை வக்கீலிடம் கொடுத்துவிட்டார், வக்கீல் சொன்னது அவர் சொன்னதுதான் என்று தீர்ப்பு. காட்டை அளந்து எடுத்துக்கொண்டார்கள். குப்பாண்டி குடும்பத்தோடு தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்.

அதற்குப் பிறகு வைத்தி எந்தக் கோர்ட்டிலும், ஒரு வாய்தாவுக்குக்கூட, "கட்சிக்காரரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லாமல் வாய் திறந்ததில்லை. நீதிபதிகள் எரிந்து விழுந்தார்கள். 'கேட்டுச்சொல்லி' என்று பட்டப்பெயர் வைத்தது நம் ஆட்கள்தான். மேல்மலையிலிருந்து ஆட்கள் வருவதும் வெகுவாகக் குறைந்துபோயிற்று. அவனாகவே தேடிப் போவான், மூச்சு வாங்க வாங்க ஏறுவான். காமாட்சி ஒரு நாளும் அப்பா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்த கோடையில் நான் அங்கே இருந்தபோது குப்பாண்டி வந்தார். மூட்டை ஏற்றி வந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். மகளுக்கு ஆண் குழந்தை பிறந்ததும், காப்பித் தோட்டத்து வீட்டில் காய்ச்சலில் அது செத்ததும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். வைத்தி நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேங்கய்யா. நான் கற்பூரத்துல கை வைக்கல, நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"அன்னைக்குக் கோர்ட்டுல எனக்குப் பதிலா நீங்க சம்மதம்னு சொன்னீங்களே, அது சத்தியத்துல சேருமாங்க?"

குறை சொல்லும் குரலே இல்லை. விவரம் தெரிந்தவரிடம் ஒரு விவரம் கேட்கிற குரல். வக்கீல் சொன்னது கட்சிக்காரர் சொன்னதுதான் என்று கோர்ட் எழுதிவிட்ட பிறகு இதற்கு என்ன பதில் இருக்கிறது? பின்கட்டில் காமாட்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. வைத்திக்கும் காமாட்சிக்கும் இருந்தது ஒரே ஒரு பெண் குழந்தைதான்.

"சேராதுங்க" என்றான் வைத்தி. "உங்களைக் கேக்காமச் சொன்னது உங்களை ஒட்டாது. சேர்ந்தா, சொன்னவன் தலையிலதான் சேரும்."

குப்பாண்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "அப்பச் சரிங்க" என்று சொல்லி, டீச்சர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். மகளிடம் அதைப் போய்ச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

அவர் வளைவு திரும்பும் வரை வாசலில் நின்ற வைத்தி உள்ளே வந்து, பெண்ணைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். சாமி, சகுனம் எதிலும் நம்பிக்கை இல்லாதவன் அவன். என்னைப் பார்த்து, "சேராதுதானேடா?" என்று கேட்டான். நான் சேராது என்றேன். நம்பினானா என்று தெரியவில்லை.

அவன் பெண் நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். அவன்தான் போய்விட்டான். அவனுடையதாக என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். அதை இந்த மன்றத்தில் உங்கள் எல்லோர் முன்னாலும் வைத்து, இன்னொரு முறை பதில் சொல்லிவிடுகிறேன். சேராது, வைத்தி.