உள்ளே விட்ட இரண்டு விரல் துணி

போன புதன்கிழமை கண்டக்குழிக் கடற்கரையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

தூக்கமில்லை. மயக்கமுமில்லை. நான் தைத்த ஒரு சாமான் அந்த நேரம் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை... அவ்வளவுதான்.

சாமான் என்றால் கைட். காற்றுக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து, காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, பெரிய பட்டத்தைப் பிடித்தபடி கடலோரக் களப்புத் தண்ணீரில் சறுக்குவார்களே – அந்தப் பட்டம். விரித்தால் என் கடையை விடப் பெரிது.

சல்வாரும் ஸ்கூல் யூனிபோமும் தைக்கிறவளுக்கு வானத்தில் என்ன வேலை? சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் சங்கதி தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கவலைப்படுவதை மட்டும் இன்னும் விடவில்லை. மழை பெய்தால் கடைக்குள் தண்ணீர் வருமே என்று கவலை. பெய்யாவிட்டால், ஏன் இன்னும் பெய்யவில்லை என்று கவலை!

ஆனால் இந்தச் சில வருஷங்களாக என் கவலைக்கு உண்மையாகவே காரணம் இருந்தது. விலைவாசி ஏறியதிலிருந்து புதுத் துணியோடு கடைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். பெருநாளுக்குக்கூடப் பழைய சட்டைதான். "ராத்தா, இதக் கொஞ்சம் பிரிச்சு விடுங்க, பிள்ள வளந்துட்டா" என்று வருவார்கள். புதிதாகத் தைக்கக் கொடுக்கிற ஒருவர் இருவரும் ஒரே கதைதான் கதைப்பார்கள். "உள்ளுக்குத் துணி விட்டுத் தைங்க ராத்தா. அடுத்த வருஷமும் போடணும்."

விட்டேன். முன்பெல்லாம் ஒரு விரல் அகலம் விடுவேன். அது இரண்டு விரலானது. சொல்லாமலே கை மடித்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் – வில்லங்கம் இங்கேதான் இருக்கிறது.

கடையில் இரண்டு மெசின்கள். சின்னது சட்டைக்கு. பெரியது கனத்த துணிக்கு. ஆசைப்பட்டு வாங்கிய பெரிய மெசின் வேலையில்லாமல் தூசு பிடித்துக் கிடந்தது. கடைசியில் விற்றுவிடுவது என்று முடிவெடுத்தோம். முந்தல் ஊரில் இருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தார். அது போய்விட்டால் கடை எதற்கு? சின்ன மெசினை வீட்டு மூலையில் போட்டால் போதுமே...

என் வீட்டுக்காரர் ஓட்டோ ஓட்டுகிறவர். லொட்ஜ்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவர். வெயிலுக்கு ஓட்டோ சீட்டை மூடுவதற்காக, அந்தப் புதனுக்கு முந்தின வாரம் ஒரு கிழிந்த கைட் துண்டைக் கொண்டுவந்தார்.

"இது எங்கால?" என்று கேட்டேன்.

"லொட்ஜுக்குப் பின்னால குவிச்சு வெச்சிருக்காங்க. தைக்க ஆளில்லையாம். கொழும்புக்கு அனுப்பினா, திரும்பி வாறதுக்குள்ள காத்துக் காலமே முடிஞ்சிடுமாம்."

ஓட்டோ சீட்டுக்கு அந்தத் துண்டு கிடைக்கவில்லை. நான் பறித்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்துப் பார்த்தேன் – பப்படம் மாதிரிச் சுருண்டது. சரி, இஸ்திரி ஆகாது. நைலோன் நூலைக் கோர்த்துப் பெரிய மெசினில் ஓட்டினேன். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். பிரியவில்லை!

"இஞ்சாருங்க, நான் போய் வேலை கேட்டா என்ன?"

"கேளு."

"சிரிச்சா?"

"நீயும் சிரி."

"கைட்டப் பழுதாக்கிட்டா?"

"அது கிழிஞ்சுதானே கிடக்கு? இன்னும் என்னத்தப் பழுதாக்கப் போற!"

போகிற வழியெல்லாம் "ஹலோ... ஐ டெய்லர்" என்று பாடமாக்கினேன். லொட்ஜ் கேட்டடியில் நின்றவரோ ரொஷான் தம்பி. கண்டக்குழிக்காரர், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கைட் பழக்குகிறவர்.

"என்னக்கா, யாரத் தேடுறீங்க?"

பாடமாக்கிய இங்கிலீஷ் வீணாகிப்போனது. தைத்த துண்டை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பினார், இழுத்தார், பல்லால் கடிக்காத குறை. உள்ளே போய் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது பெரிய சைஸ் அக்கா. காத்துக் குறைஞ்ச நாளைக்கு எங்கள்ட இது ஒண்டுதான் இருக்கு. பாத்துத் தைங்க. இது போனா எனக்கும் லீவுதான்."

பாருங்கள் – என் கவலை போதாதென்று தன்னுடையதையும் மூட்டைக்குள் வைத்துக் கட்டித் தந்துவிட்டார்!

தைத்தேன். புதன்கிழமை கைட் ஏறியது. நான் கண்ணை மூடினேன். இப்போது கடற்கரைக்கே வந்துவிட்டோம்.

"அக்கா! இது இடப்பக்கம் இழுக்குது!"

கண்ணைத் திறந்தால்... ரொஷானையும் இழுத்துக்கொண்டு கைட் ஒரு பக்கமாகச் சரிந்து போகிறது. வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எழும்பியே நின்றுவிட்டார். "நல்ல வெறிதான் போல! என்னத்த ஊத்திக் குடுத்தீங்க?"

கைட்டை இறக்கித் தையலைத் தடவினேன். விளங்கிவிட்டது. கிழிசலைச் சேர்க்கும்போது என் கை, என்னைக் கேட்காமலே, உள்ளே இரண்டு விரல் துணியை மடித்து விட்டிருந்தது. அந்தப் பக்கம் கட்டை. மற்றப் பக்கம் நீளம்.

"உள்ளுக்கு ஏன் அக்கா இவ்வளவு துணி?"

"பிறகு தேவைப்பட்டா... பிரிச்சு விடலாம்தானே..."

ரொஷான் என்னைப் பார்த்தார். "கைட் வளருமா அக்கா?"

மணலில் குந்திவிட்டார் சிரித்து. நானும் சிரித்தேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! சிரிப்பு நின்றதும் பயம் வந்தது. பருத்தித் துணியில் தையலைப் பிரித்தால், கழுவினால் ஊசித் துளை மூடிக்கொள்ளும். நைலோனில் மூடாது. துளை வழியாகவே மறுபடி கிழியும்.

"திருப்பித் தைக்க ஏலுமா?" என்று ரொஷான் கேட்டார்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் "பாப்பம்" என்பேன். கவலைக்காரர்களுக்குப் பிடித்த சொல். அன்றைக்கு என்னவோ, கவலை வந்து சேருவதற்கு முன்னமே வாய் சொல்லிவிட்டது – "ஓம், ஏலும்."

அடுத்த நாள் எல்லாவற்றையும் பிரித்தேன். ஓரத்தோடு ஓரம் முட்ட வைத்தேன். மேலும் கீழும் நீளப்பட்டி வைத்து, பழைய துளைகளையும் மூடித் தைத்தேன். ஒரு நூல் அகலம்கூட உள்ளே விடவில்லை. கை மடிக்கப் பார்த்தது... விடவில்லை.

வியாழன் அந்திக்கு ஏற்றினார்கள். நேரே போனது. இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டுதான் பார்த்தேன். ரொஷான் இறங்கி வந்து ஒன்றுதான் கேட்டார்: "பின்னால குவிஞ்சு கிடக்கிறதையும் ஓட்டோவில ஏத்தி விடவா?"

யோசித்துப் பார்க்கிறேன். கஷ்ட காலத்தில் நாங்கள் எல்லாருமே உள்ளே துணி விட்டுத்தான் வாழ்கிறோம், இல்லையா? ஆசையை மடித்து, துணிவை மடித்து, 'பிறகு தேவைப்படும்' என்று வைத்துக்கொள்கிறோம். பிழையில்லை. சட்டைக்கு அது நல்ல பழக்கம். ஆனால் புதிதாக ஒன்றில் இறங்குகிறபோதும் கை அப்படியே மடிக்குமென்றால்... அது இடப்பக்கம்தான் இழுக்கும்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி முந்தல்காரர் சின்ன லொறியோடு வந்துவிட்டார். மெசின் மேல் சிவப்பும் நீலமுமாகக் கைட்டுகள் குவிந்து கிடந்தன.

"மன்னிச்சுக்கொள்ளுங்க நானா... மெசின் விக்கிறதில்ல."

"இத ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி! இவ்வளவு தூரம் டீசல் எரிச்சு வந்தனே!"

நியாயம்தான். சொன்னால் ஏசுவாரோ என்று பயந்துதான் சொல்லாமல் விட்டேன். சொல்லாததால் ஏசினார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கைட் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு லொறிக்குப் போய் ஒரு பார்சலோடு திரும்பி வந்தார்.

"வந்ததுக்கு இதையாவது தைச்சுத் தாங்க. மகளுக்கு யூனிபோம் துணி. வாற வழியில வாங்கினது. அளவுச் சட்டைய நாளைக்கு அனுப்புறன்." வாசல் வரை போனவர் திரும்பினார். "கொஞ்சம் உள்ளுக்குத் துணி விட்டுத் தைங்க, என்ன?"

மூன்று விரல் விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்... அது வளர்கிற பிள்ளை!