கடையில் கேட்கக்கூடாத கேள்வி

காதர் பாய் முகத்தைப் பார்த்து வியாபாரம் செய்கிறவர் அல்ல. முகம் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. தியாகராய நகரில் ஒரு பட்டுக்கடையின் இரண்டாம் மாடியில், வெள்ளைத் துணி விரித்த மெத்தைமேல், இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிறார். அவர் பார்ப்பதெல்லாம் கைகளை. “வேற காட்டுங்க” என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கட்டைவிரல் ஒரே முந்தானையை மூன்றாம் தடவையாகத் தடவிக்கொண்டிருக்கும். அவருக்கு அது போதும்.

அபிராமபுரத்துக் கோமளம் மாமி அன்றைக்கு நாற்பது புடவை விரிக்க வைத்துவிட்டு எழுந்தாள்.

“நன்னாத்தான் இருக்கு. கத்திரிப்பூ கலர் எங்கிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கே. ஆத்துல கேட்டுண்டு நாளைக்கு வரேன்.”

“தாராளமா கேட்டுட்டு வாங்க மாமி” என்றார் காதர் பாய். அந்தக் கத்திரிப்பூப் புடவையை மட்டும் எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மெதுவாக, மாமியைப் பார்க்காமல், அது இனி வேறு யாருக்கோ என்பதுபோல. இரண்டாவது மடிப்பில் மாமியின் கை நீண்டு ஓரத்தைப் பிடித்தது.

“இருங்கோ, ஏன் அவசரப்படறேள்?”

பில் போட அனுப்பிவிட்டுத் திரும்பினால் பக்கத்து மெத்தை பாலு சிரித்துக்கொண்டிருந்தான்.

“நீ மடிச்சா சேல்ஸு பாய். நாங்க மடிச்சா வெறும் மடிப்பு.”

போன வருஷம் கடை ஆட்களுக்கு உடல்மொழி வகுப்பு எடுக்க நிரஞ்சன் என்று ஒருவர் வந்தார். முன்னால் சாய்ந்து உட்காருங்கள், உள்ளங்கை தெரியட்டும், வேண்டுமா என்று கேட்காதீர்கள், எது வேண்டும் என்று கேளுங்கள் என்றார். இதற்கெல்லாம் பெயர் உண்டு என்பது காதர் பாய்க்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மதியத்துக்குமேல் நிரஞ்சன் மைக்கை இவரிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அதற்கப்புறம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதம் ஒருமுறை காதர் பாயின் வகுப்பு உண்டு. அவருக்கு அது பிடித்திருந்தது. ‘யாரையும் ஜெயிக்கக் கூடாது, அவங்களே ஜெயிச்ச மாதிரி விட்டுடணும்’ என்பார். வாழ்க்கைக்கே இது பொருந்தும் என்று சேர்த்துக்கொள்வார்.

சைதாப்பேட்டை வீட்டில் தினமும் சாப்பிடும்போது அன்றைய வியாபாரத்தைக் கதையாகச் சொல்வது வழக்கம். எந்த அம்மா எப்படி மறுத்தாள், இவர் என்ன செய்தார், கடைசியில் எப்படி எடுத்துக்கொண்டு போனாள். குல்சும் சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். கடைக்கு அவள் வந்தது நாலைந்து முறை இருக்கும். ஆனால் கடையின் அத்தனை தந்திரமும் அவளுக்கு அத்துப்படி.

ரமலான் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மகள் ரூஹி அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. பஜார் பக்கம் லேடி டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. தாமதிக்காமல் அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு மூன்று வாரமாகச் சமையலறை அலமாரியில் கிடக்கிறது.

“போகமாட்டேங்குறாங்க அத்தா. நீங்க பேசினா கேப்பாங்க.”

அவரும் அப்படித்தான் நினைத்தார்.

முதல் நாள், தட்டை வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார். “செவ்வாய்க்கிழமை போலாமா, வியாழக்கிழமை போலாமா? எது உனக்குத் தோது?”

“ரெண்டும் தோதில்ல” என்றாள்.

இரண்டு நாள் விட்டு, அடுத்த தெரு நஸ்ருன்னிசாவைப் பற்றிப் பேச்செடுத்தார். இதே மாதிரிதான், காட்டினாங்க, இப்ப நாலு வருஷமா நல்லா இருக்காங்க, மார்க்கெட்டுக்கு அவங்களே நடந்து போறாங்க.

“இதே பீஸு நேத்துதான் ஒரு டாக்டரம்மா எடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்லுவீங்களே, அந்த மாதிரியா?”

காதர் பாய்க்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அவளும் சிரிக்கவில்லை.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அலமாரியிலிருந்து சீட்டை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“சரி, விடு. உன் உடம்பு, உன் இஷ்டம். நான் இனிமே இதப் பத்திப் பேசல.”

கத்தி நிற்கவில்லை. அவர் காத்திருந்தார். அவர் கண் அவரை அறியாமல் அவள் விரல்களில் இருந்தது.

“மடிச்சுப் பாக்குறீங்களா?” என்றாள் குல்சும், நிமிராமல். “நான் கை நீட்ட மாட்டேன்.”

மறுநாள் கடையில் அவருக்குக் கை ஓடவில்லை. கல்யாணப் பார்ட்டி ஒன்று கைநழுவி பாலு மெத்தைக்குப் போயிற்று. “இன்னா பாய், மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்று பாலு கேட்டதற்கு வெயில் என்று சொன்னார். பாலு வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் மெத்தைக்குத் திரும்பினான்.

வீட்டுக்குப் போனதும் கால் கழுவிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“கடையில உக்கார்ற மாதிரி உக்காராதீங்க.”

முட்டி மடங்கி, முதுகு முன்னால் வளைந்து, உள்ளங்கை இரண்டும் மேலே பார்த்துத் திறந்திருந்தன. பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தார், பிறகு எடுத்துத் தரையில் ஊன்றினார். ஐம்பத்து நாலு வயதில் தன் வீட்டில் எப்படி உட்காருவது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

“எனக்குப் பயமா இருக்கு குல்சும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இதுவும் வகுப்புல சொல்லிக் குடுக்குறதா?”

“இல்ல” என்றார். அதற்குமேல் என்ன சொன்னாலும் அதுவும் வியாபாரம் போலத்தான் இருக்கும் என்று அவருக்கே தெரிந்தது. குரலைத் தாழ்த்தினால் அது அவர் தினமும் தாழ்த்துகிற குரல். கண் கலங்கினாலும் நம்புவதற்கு அவளுக்குக் காரணம் இல்லை. உண்மையைச் சொல்ல அவரிடம் தனியாக வேறு முகம் இல்லை.

கடையில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. வந்தவர்களை ‘ஏன் வேண்டாம்?’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் காரணம் தேடுவார்கள். வாய்விட்டுச் சொன்ன காரணத்தை அப்புறம் யாரும் கைவிடமாட்டார்கள், புடவை போயிற்று. ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்லியிருக்கிறார். குல்சுமிடமும் நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

“ஏன் வேணாங்குற?” என்று கேட்டார்.

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவரைப் போலவே சுவரில் சாய்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ரூஹிக்கு எட்டு வயசா இருக்கும்போது எனக்கு ரத்தப்போக்கு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? டாக்டர்கிட்டப் போனோம்.”

“ஆமா.”

“எத்தன நாளான்னு அவரு எங்கிட்டதான் கேட்டாரு. நீங்க ரெண்டு மாசம்னு சொன்னீங்க. உண்மையில ஆறு மாசம். நான் உங்ககிட்ட ரெண்டுன்னுதான் சொல்லி வச்சிருந்தேன், அது என் தப்பு. ஆனா அங்க வாயத் திறக்க முடியல. நீங்க ஏதோ சொன்னீங்க, அவரு சிரிச்சாரு. ரெண்டு பேரும் சிநேகிதமாயிட்டீங்க. மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் கஷ்டப்பட்டேன்.”

“சொல்லியிருக்கலாமே” என்று அவர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

“இப்ப அங்க போனா வெட்டணும்னுகூடச் சொல்லுவாங்க. சொன்னா நீங்க கட்டில்கிட்ட வந்து உக்காருவீங்க. காலையில வேணாம்னு சொல்லுவேன், சாயந்தரம் சரின்னு சொல்லியிருப்பேன். எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியாது. நிக்காஹ்லேருந்து எல்லாத்துக்கும் அப்படித்தான் சரின்னு சொல்லியிருக்கேன். நீங்க கெட்டது பண்ணல. ஆனா இது என் உடம்பு. சரியோ வேணாமோ, நான் சொன்னேன்னு எனக்குத் தெரியணும்.”

“நான் வர வேணாமா?”

“உள்ள வர வேணாம்.”

அவரிடம் இதற்கு நாலு பதில் தயாராக இருந்தது. நாலும் நல்ல பதில்கள். ஒன்றையும் எடுக்கவில்லை.

“சரி” என்றார்.

வியாழக்கிழமை போனார்கள். நாள் அவள் சொன்னதுதான். ஆஸ்பத்திரி வாசலில் ரூஹியும் குல்சுமும் உள்ளே போக, காதர் பாய் எதிர்ப்புறம் ஒரு டீக்கடையோரம் நின்றார். ஐந்து மணி நேரம். பழைய சீட்டு அவர் சட்டைப்பையில் இல்லை, அவள் கைப்பையில் இருந்தது. பக்கத்தில் நின்ற ஆள் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டான். வழக்கமாக அவர் அவனுடைய ஊர், தொழில், மாமனார் வரை போயிருப்பார். “என் வீட்டுல” என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. முகத்தைத்தான் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியவில்லை.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ரூஹி முன்னால் உட்கார்ந்தாள். காந்தி மண்டபம் தாண்டும்வரை குல்சும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு அவளாக ஆரம்பித்தாள்.

“ஊசி போட்டுக் கட்டியிலேருந்து கொஞ்சம் சோதனைக்கு எடுத்திருக்காங்க. பத்து நாள் கழிச்சு வரச் சொல்றாங்க. அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணுதான். வீட்டுக்காரரு வரலையான்னாங்க. வந்திருக்காரு, வெளியே நிக்கிறாரு, நான்தான் நிக்கச் சொன்னேன்னேன்.”

“ம்.”

“எத்தன நாளாத் தெரியும்னு கேட்டாங்க. உண்மையா நாலு மாசம்னு சொன்னேன்.”

வீட்டில் எல்லோருக்கும் சொன்ன கணக்கு ஒரு மாதம். காதர் பாயின் வாய் திறந்து மூடிக்கொண்டது.

“திட்டினாங்க. திட்டட்டும். எதா இருந்தாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்க, அப்புறம் நான் அவருகிட்டச் சொல்லிக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

வண்டி மறைமலையடிகள் பாலத்தில் ஏறிற்று. அந்த அறையில் என்ன மிஷின், எப்படி நிற்க வைத்தார்கள், வலித்ததா, பக்கத்தில் இருந்த விழுப்புரத்துப் பெண் என்ன கேட்டாள் என்று அவள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. பேச்சில் இடைவெளி விழும் இடங்கள் அவருக்குத் தெரிந்தன. அங்கெல்லாம் புகுந்துகொள்வதுதான் அவர் தொழில். புகவில்லை.

இறங்க வேண்டிய சைதாப்பேட்டை நிறுத்தம் வந்தது. ரூஹி எழுந்து திரும்பிப் பார்த்தாள். அவர் கையால் உட்காரச் சொன்னார். அவள் புரியாமல் உட்கார்ந்தாள். குல்சும் இன்னும் முடிக்கவில்லை. பஸ் கிளம்பி சி.ஐ.டி. நகர் பக்கம் போய்க்கொண்டிருந்தது.