பார்ச்சு இலைக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்துத் தாள்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, இன்னும் இரண்டு மாதம்தான். கோலாலம்பூரில் எல்லோரும் கொடி தைத்துக்கொண்டிருக்க, எங்கள் மாதர் சங்கம் என்னை மலாக்காவுக்கு அனுப்பியது. பசிபிக் தீவுகளில் அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதை நிறுத்தக் கோரும் விண்ணப்பத்துக்கு அங்கே பாக்கியம் என்ற பெண்மணி கையெழுத்துச் சேர்த்திருந்தார். போய் வாங்கி வர வேண்டும். தபாலில் வராதா என்று கேட்டேன். சமாதானம் என்று வாயைத் திறந்தாலே கம்யூனிஸ்டா என்று பார்க்கிற அவசரகாலத்தில் தபாலை நம்ப முடியாது என்றார்கள். சரி, டீச்சரான எனக்குத்தான் பள்ளி விடுமுறை இருக்கிறதே!

காலை ரயிலில் தம்பின். அங்கிருந்து மலாக்கா இருபத்து நான்கு மைல், பஸ்ஸில் ஒரு வெள்ளி இருபது காசு. உடம்பு வலி இலவசம். முன்பு நகருக்குள்ளேயே ரயில் போனது. போர்க்காலத்தில் ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டான். பஸ் நிலையத்திலிருந்து காஜா பெராங்குக்கு மூன்று சக்கர ரிக்‌ஷா ஐம்பது காசு. கம்போங் செட்டி என்றதும் சீன ஓட்டுநர் மலாயில், “இன்னைக்குப் பார்ச்சு, வயிறு நிறையச் சாப்பிடுவீங்க” என்று சிரித்தார்.

பாக்கியம் அக்கா மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயா சட்டை, வாயில் மலாய். தமிழில் நாலைந்து சொற்கள்தான் தெரியும். அவர் சொன்னதை நான் தமிழில் தருகிறேன். ஜெனிவாவில் ஆயுதக் குறைப்பு மாநாடு கூடிய சமயம், உலகமெங்கும் பெண்கள் அதற்காகக் கையெழுத்து வாங்கினார்களே, அப்போது இவரும் பள்ளி ஆசிரியை ஒருவருடன் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகும் போர் வந்தது. ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டுபோன கணவர் திரும்பவில்லை. இப்போது மறுபடியும் புக்கிட் காதில் வரை நடந்து கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

“அப்பவே ஒண்ணும் நடக்கலையே அக்கா?” என்றேன்.

“மழை வருதுன்னா துணி எடுக்க ஓடறோம். பாதி நனைஞ்சிடுச்சுன்னு மீதிய விட்டுடறோமா?” என்று ரம்புத்தான் பழங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பார்ச்சு என்பது இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பது. இது பழக் காலத்துப் பார்ச்சு. அவர்கள் உண்டு முடிக்கும்வரை கூடத்துக்குள் யாரும் கால் வைப்பதில்லை என்பது அக்கா வீட்டு வழக்கம். கணவரின் இலைக்குப் பக்கத்தில் கையெழுத்துத் தாளை வைத்தார். அவர் பார்த்த பிறகுதான் எனக்காம். சாம்பிராணி போட்டுவிட்டு நாங்கள் வாசலுக்கு வந்தோம். அங்கே, தாளைப் பற்றித் துப்புக் கிடைத்து வந்த ஒரு சி.ஐ.டி. நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும், தமிழர்.

“டீச்சர், அந்தத் தாள எடுத்துக் குடுத்துருங்க. வேல சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றார் என்னிடம்.

 அக்காவை நம்பிப் பெயர் கொடுத்த பெண்கள் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் போலீஸ் தட்டுமே! அக்கா அசரவில்லை. “துங்கு டூலு” என்றார், பொறு என்று. “உள்ள சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க.”

சி.ஐ.டி. கூடத்து இலைகளைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஓரத்து இலை யாருக்கு என்று மலாயில் கேட்டார்.

“சண்டையில செத்து, இலை போட ஆள் இல்லாதவங்களுக்கு. எந்த நாட்டுக்காரன்னு நான் கேக்கறதில்ல” என்றார் அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். “எங்கப்பாவும் சயாமுக்குப் போனவருதான், டீச்சர். எப்ப செத்தாருன்னே தெரியல. திதி தெரியாம எப்படித் திவசம் குடுக்கறது? எங்கம்மா இன்னும் பொட்டு வெச்சிக்கிட்டுதான் இருக்காங்க.”

அதை அக்காவுக்கு நான் மலாயில் சொன்னேன். அக்கா அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டார். முனுசாமி. வாசலில் நின்றபடியே கூடத்தைப் பார்த்து அந்தப் பெயரை உரக்கச் சொன்னார், விருந்தாளியைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல.

படையல் முடிந்ததும் ஓரத்து இலைப் பழங்களை முதலில் அவருக்குத்தான் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார் மனிதர். பிறகு தாளைக் காட்டி, “அப்பா பேர இதுல எழுதிக்கலாமா?” என்று கேட்டார்.

“செத்தவங்க பேர் வேணாம். உயிரோட இருக்கறவங்க பேர்தான் வேணும்.” அக்கா பேனாவை அவர் முன் வைத்தார்.

“வேல போயிரும்மா.”

“தெரியும்.”

வெகுநேரம் பேனாவையே பார்த்திருந்துவிட்டு எழுந்தார். “படையல் நடந்துச்சு, உள்ள போக முடியலன்னு ரிப்போர்ட்டுல எழுதிர்றேன்” என்று சொல்லித் தாளைத் தொடாமல் நடந்தார். அக்கா கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரி விட்டு, அதற்கடுத்த வரியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

காஜா பெராங் போகிறவர்களுக்கு: பழக் காலத்தில் போங்கள். சில்லறை வைத்திருங்கள். கொஞ்சம் மலாய் தெரிந்தால் நல்லது. கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். இலை போட்டிருக்கும் வீட்டில் கூப்பிடும்வரை வாசலிலேயே நில்லுங்கள். நம் ஊர்களில் எத்தனையோ வீரர்களைப் புகழ்கிறோம். இந்த அக்காவைவிடத் தைரியசாலியை நான் பார்த்ததில்லை.

கோலாலம்பூரில் சங்கச் செயலாளர் தாளைப் பிரித்ததும், நடுவில் ஏன் ஒரு வரி காலியாக இருக்கிறது, கோடு போட்டு அடித்துவிடவா என்று கேட்டார்.

“அடிக்காதீங்க. அது ஒருத்தருக்கு வெச்சிருக்கிற இடம்” என்றேன்.