தையல்கார ஞானதாசன் சொன்ன சாட்சி

தக்கலைக்குத் தெற்கே தையல்கார ஞானதாசன் என்றால் பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று பேர். ஊர்வலப் பாதைக்காகக் கிறிஸ்தவச் சபைக்காரரும் அய்யா வழிக்காரரும் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, 1929-இல் இரு பக்கத்தாரும் கூடிச் சமாதான சங்கம் ஒன்று வைத்தார்கள். சபைக்கு ஞானதாசன், அந்தப் பக்கத்துக்கு முத்துநாயகம். ஒரு புரளி கிளம்பினால் இருவரும் சேர்ந்தே போய் விசாரிக்க வேண்டும், சேர்ந்தே வந்து சந்தையில் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம். இரண்டு வருஷம் ஊர் அடங்கிக் கிடந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம். ஞானதாசனின் மச்சினன் செல்வதாஸ், இருபது வயசுத் தடிமாடு, அணிலைக் குறிபார்த்துக் கவண்கல்லை விட்டான். கல் நிழல் தாங்கலுக்குள் போய் விழுந்தது. அய்யா வழிக்காரர் கும்பிடும் அந்த இடத்தில் சிலை கிடையாது. கண்ணாடி முன்னால்தான் கும்பிடுவார்கள். அந்தக் கண்ணாடி சில்லுச் சில்லாகிவிட்டது.

"அத்தான், தெரியாம பட்டுட்டு. என்னைக் கொண்ணு போடுவானுவ," என்று ஞானதாசனின் தையல் கடைக்குள் ஓடி வந்து கதவைச் சாத்தினான்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம், தெரியாமல் நடந்ததுதானே. ஆனால் யார் நம்புவார்கள், மறுபடி வெட்டுக்குத்து ஆகிவிடுமே என்று ஞானதாசன் பயந்தார். மச்சினன் என்ற பாசமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

முத்துநாயகம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஞானதாசா, ஆளுவ கூடியாச்சு. நீ ஏதும் கண்டியா?"

"அந்த ஈயம் பூசுத பாண்டிக்காரன் அங்கன நிண்ணதக் கண்டேன்."

ஆரல்வாய்மொழிக்கு அப்பால் பாண்டிச் சீமையிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை பாத்திரங்களுக்கு ஈயம் பூச வரும் சுடலைமுத்துதான் அந்தப் பாண்டிக்காரன். சபையிலும் சேர்த்தியில்லை, தாங்கலிலும் சேர்த்தியில்லை. அவனுக்காகப் பேசச் சங்கத்தில் நாதியில்லை. முத்துநாயகம் விசாரிக்கவே போகவில்லை. ஞானதாசன் சொன்னால் போதாதா! இருவரும் நேரே சந்தைக்குப் போனார்கள். ஞானதாசன் அதையே கூட்டத்தின் முன்னால் சொன்னார். சந்தையின் மறுகோடியில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. இரு கூட்டத்தாரும் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து செய்த காரியம், அவன் வலது கையை ஒடித்ததுதான்.

சமாதானத்துக்கு அடையாளமாகச் சபையாரே தாங்கலுக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். சங்கம் ஞானதாசனுக்கு மாலை போட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுபோக மனசில்லாமல் வாய்க்காலில் போட்டார். ஈயம் பூசிய பாத்திரத்தில் மனைவி ராஜபாய் குழம்பு வைத்தால் சோறு இறங்காது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு தையல் மிஷினை மிதித்தார்.

நாலு வருஷம் கழித்துச் சுடலைமுத்து கடைக்கு வந்தான். கை கோணலாகக் கூடியிருந்தது.

"ஐயா, நீங்க சொன்னா ரெண்டு கூட்டமும் கேக்குமாம்லா. நான் உடைக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தப் பக்கம் தொழிலுக்கு வரணும்."

ஞானதாசன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவன் காலில் விழப் போனார்.

சுடலைமுத்து விலகிக்கொண்டான். "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அன்னைக்கு எங்கிட்டயா சொன்னீங்க?"

வெள்ளிக்கிழமை சங்கம் கூடியது. ஞானதாசன் சொல்லப்போவதைக் கேட்கச் சுடலைமுத்து வாசலில் வந்து நின்றான். ஞானதாசன் எழுந்தார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். முன்வரிசையில் செல்வதாஸ், மடியில் தன் கைப்பிள்ளையோடு. பக்கத்தில் முத்துநாயகம் அந்தப் பிள்ளைக்கு விரலைக் கொடுத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஞானதாசா, சொல்லு," என்றார்.

"ஒண்ணுமில்ல," என்று ஞானதாசன் உட்கார்ந்துவிட்டார். வாசல் பக்கம் திரும்பவே இல்லை.