கூம்புத் தொப்பியும் ஒரு ஹெட் கவுன்ட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, வடசென்னைக் காலடிப்பேட்டையில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், தலையில் கூம்புத் தொப்பியும் தோளில் கறுப்புத் துணியுமாகத் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு அலுமினியக் குண்டான். அதிலிருந்து வெள்ளைப் புகை. சுற்றிலும் பலூன்கள், காலி நாற்காலிகள்...

சற்று முன்புவரை அந்த நாற்காலிகளில் குழந்தைகள் இருந்தார்கள்.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன்? சொல்கிறேன்.

கனடாவில் இருக்கும் மகள், பேத்தியின் பிறந்தநாளை மந்திரவாதி பார்ட்டியாகக் கொண்டாடிவிட்டு வீடியோ அனுப்பியிருந்தாள். பின்னணி இசையெல்லாம் சேர்த்து. வீடியோவில் எல்லாக் குழந்தைகளுக்கும் தொப்பி, கையில் கோல். பேத்தியின் முகம் வரும் இடம் எனக்கு மனப்பாடம். லிஃப்ட் வாசலில் நின்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"இன்னா தாத்தா இது? சூப்பரா கீது!"

இரண்டாவது மாடி நஸ்ரின். ஐந்தாம் வகுப்பு. அவளுக்கும் பிறந்தநாள் வருகிறதாம்.

"எனக்கும் இதே மாரி வேணும். மொட்ட மாடி சாவி உங்ககிட்டதான கீது?"

உண்மை. நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மாடியில் பந்து விளையாடக் கூடாது, படியில் சைக்கிள் வைக்கக் கூடாது என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டுபவன். குழந்தைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'நோட்டீஸ் தாத்தா'. தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டால் மட்டும் என் வீட்டு மணி அடிக்கும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, மோட்டார் ஒழுங்காக ஓடிய சில வாரங்களில் நான் யாரிடமும் பேசியதே இல்லை. சில சமயம் அது ரிப்பேர் ஆகாதா என்றுகூட இருக்கும்!

"சாவி தரேன். மந்திரவாதி யாரு?"

"நீங்கதான். உங்களுக்குத்தான் வேற வேலயே இல்லியே."

சாவிக்கொத்தை எடுத்து மாடிச் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

முதல் மாடி செல்விதான் ஆட்சேபம் கிளப்பினார். "மந்திரவாதின்னா இன்னா சார்? மூலக்கொத்தளம் சுடுகாட்டுல மண்ட ஓட்ட வெச்சிகினு குந்திகினு இருப்பானே, அவனா? படிச்ச மனுசன், உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேல?"

"இது வெளிநாட்டு மந்திரவாதிம்மா. எலுமிச்சம்பழம் கிடையாது. கேக்தான்."

"கேக்கா? அப்ப என் பொண்ணும் வருவா."

பத்திரிகையில் என் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் எண்ணூர் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் நடைமுறைப்படி செய்தால்தான் தூக்கம் வரும். கைப்பிடிச் சுவரின் உயரத்தைச் சரிபார்த்தேன். மந்திரக் கோல்களின் முனையை மழுக்கினேன். கேக்குக்குப் பக்கத்தில் தீயணைப்பான் வைத்தேன். 'மாயக் கஷாயம்' என்ற பெயரில் ரோஸ் மில்க் தயாரானது.

உச்சக்கட்டம், புகை. அதற்கு டிரை ஐஸ் வேண்டும் — உறைந்த கரியமில வாயு; வெந்நீரில் போட்டால் புகையாகக் கிளம்பும். ராயபுரத்தில் ஐஸ் வியாபாரம் செய்யும் கரீம் பாயிடம் சொல்லிவைத்தேன்.

"மீனு ஏத்துமதியா சார்?"

"இல்ல பாய். மந்திரவாதி வேலை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரிட்டயர் ஆனா ரொம்ப பேஜாரு போலக்கீதே சார்..."

பேஜார்தான் பாய். ஆனால் அந்த வாரம் இல்லை. அந்த வாரம் முழுக்க என் வீட்டு மணி அடித்துக்கொண்டே இருந்தது. தாத்தா, தொப்பி எந்தக் கலரு? தாத்தா, எங்கள நெசமா தவளையா மாத்துவீங்களா? எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். வருவார்களா? வந்தால் இருப்பார்களா?

வந்தார்கள். காகிதத் தொப்பிகளோடு எல்லாரும் வந்தார்கள். செல்வியின் மகள் முதல் வரிசையிலிருந்து கத்தினாள்: "லிஃப்ட்ல கீற நோட்டீஸ மறைய வைங்க பாப்போம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

குழந்தைகளுக்கும் குண்டானுக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தேன். கையுறை மாட்டிக்கொண்டு, வெந்நீரில் டிரை ஐஸைப் போட்டேன். குபுகுபுவென்று வெள்ளைப் புகை. "மாயம்!" என்று கோலைத் தூக்கினேன்.

யாரும் கைதட்டவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு வெள்ளைப் புகை என்றால் மேகமும் இல்லை, மாயமும் இல்லை. சுற்றிலும் ஆலைகள். வாய்ப்பாட்டோடு சேர்த்துப் பள்ளியில் இதையும் பழக்கிவிடுகிறார்கள் — புகையோ நெடியோ வந்தால் துணியை நனைத்து மூக்கைப் பொத்து, காற்றுக்குக் குறுக்கே போ, தள்ளாதே, வெளியே கூடி ஆள் எண்ணு.

கைக்குட்டைகள் வெளியே வந்தன. நனைக்கத் தண்ணீர்? மாயக் கஷாயம் இருந்ததே! அத்தனை கைக்குட்டையும் ரோஸ் மில்க்கில் முங்கி எழுந்தது. நஸ்ரின் பலூன்கள் ஆடும் திசையைப் பார்த்தாள்.

"கடல் காத்து! படி பக்கம் வாங்க! ஏய், ஓடாத... நட!"

மாடி காலி.

என் பணிக்காலம் முழுக்க ஆலையில் நான் நடத்திய மாக் ட்ரில், அதாவது ஆபத்துக்கால ஒத்திகை, ஒன்றுகூட இப்படி நடந்ததில்லை. சைரன் அடித்த பிறகும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வருவார்கள். ஆனால் அன்றைக்கு அதைப் பாராட்டும் மனநிலை எனக்கு இல்லை. ஐஸ் தீரும்வரை புகை வரும். நான் அதற்கு எதிரே தொப்பியோடு நின்றேன். எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். கூட்டம் கலைந்த பிறகு மிஞ்சுவது எனக்குப் பழகிய வேலைதானே...

அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது.

"ஒண்ணு கொறயுதுடி."

"சரியா எண்ணு."

"எண்ணிட்டேன்! யாரோ... அய்யய்யோ, தாத்தா மேலயே கீறாரு!"

எட்டிப் பார்த்தேன். கேட் பக்கத்தில் எல்லாரும் வரிசையாக, ரோஸ் நிற வாயோடு அண்ணாந்து பார்த்தபடி.

"அது டிரை ஐஸ்மா! ஒண்ணும் ஆகாது! மேல வாங்க!"

"எதுவா இருந்தாலும் எறங்கி வந்து சொல்லுங்க தாத்தா!" நஸ்ரினின் குரல் உடைந்திருந்தது. "கவுன்ட்டு இடிக்குது!"

ஆலையில் ஆள் எண்ணி எத்தனையோ ஹெட் கவுன்ட் எடுத்தவன் நான். எண்ணுகிறவன் எப்போதும் வரிசைக்கு வெளியே நிற்பான். நான் இல்லாததால் ஒரு கணக்கு இடித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

படியில் இறங்கினேன். அவசரத்தில் லிஃப்ட் கூடாது — அந்த நோட்டீஸை ஒட்டியதே நான்தான்.

நஸ்ரின் என் கறுப்புத் துணியை விரலால் தொட்டாள். "இப்ப கரெக்டு."

கேக்கைக் கீழேயே இறக்கி, தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில் வெட்டினோம். இருட்டியதும் ஒவ்வொரு வீடாக அம்மாக்கள் கூப்பிட, எல்லாரும் போனார்கள். நான் மேலே வந்து பலூன்களை அவிழ்த்தேன், குண்டானைக் கழுவினேன், மாடியைப் பூட்டினேன். இந்த வாரம் மோட்டார் நன்றாக ஓடுகிறது.

மகள் போன் செய்தாள். "பார்ட்டி எப்படிப்பா? எத்தனை பேர் வந்தாங்க?"

"எல்லாரும் இருந்தாங்கம்மா" என்றேன். "என்னையும் சேர்த்து."