சுண்ணாம்புக்கல் புழுதியும் ஒன்பதாம் வகுப்பு அறிவியலும்

அரசுப் பள்ளியில் பாடம் நடத்துவது என்பது, மற்ற வேலைகளுக்கு நடுவே நேரம் கிடைத்தால் செய்கிற வேலை. என்னைப் போலத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போய்ச் சேருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் பெரம்பலூரிலிருந்து போகிறேன். அரியலூர் தாண்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையோரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி. அங்கே அறிவியல் ஆசிரியை.

பத்திரம்

பிள்ளைகளை எதிர்காலத்துக்குத் தயார் செய்ய எங்களுக்கு ஒரு பெரிய தொடுதிரை வந்தது. வேனிலிருந்து இறக்கும்போதே பிள்ளைகள் கைதட்டினார்கள். எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். கீறல் விழுந்தால் விளக்கம் எழுத வேண்டுமே என்று அதைத் தன் அறையிலேயே மாட்டி, மேலே ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டார்.

இதயம் எப்படித் துடிக்கிறது என்று காட்ட ஒரே ஒரு பீரியடுக்குக் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை பெட்ஷீட்டை விலக்கிப் பெருமையோடு சொன்னார்: "பாருங்க டீச்சர், வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

தண்ணித் தொட்டி

பிள்ளைகள் வருகை, எங்கள் வருகை இரண்டையும் செல்போனில்தான் பதிய வேண்டும். எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியடி. காலை முதல் பீரியடில் ஆறு ஆசிரியர்களும் அங்கே கையைத் தூக்கிக்கொண்டு நிற்போம். ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி வகுப்புகளைப் பார்த்தார். ஒன்றிலும் ஆசிரியர் இல்லை. நேராகத் தொட்டியடிக்கு வந்தார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் என் போனை வாங்கிப் பார்த்தார். பதிவு ஏறியிருந்தது. முகம் மலர்ந்து திருப்பிக் கொடுத்தார்: "இதுல எல்லாரும் இருக்கீங்க, அது போதும்."

வினோதினி

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு 'எதிர்காலம்' என்று தலைப்பு கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பு வினோதினி என்னிடம் கண்ணாடித் துண்டுகள் கேட்டாள். அவள் அப்பா குவாரியில் லாரி ஓட்டுகிறவர். கண்ணாடியில் தேங்காயெண்ணெய் தடவி, கேட், வகுப்பு ஜன்னல், சத்துணவு சாப்பிடும் வராண்டா, பின்கட்டு என்று நான்கு இடத்தில் வைத்தாள். தினமும் சாயங்காலம் லென்ஸை வைத்துப் படிந்திருந்த புழுதியைக் கட்டம் போட்டு எண்ணினாள். இரண்டு வாரம் ஒருநாள் கூட விடவில்லை. மற்ற இடங்களை விட வராண்டாவில்தான் புழுதி அதிகம். லாரி திரும்புகிற வளைவு அதற்கு நேர் எதிரே இருக்கிறது.

இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை தானாகக் கேள்வி கேட்டு, தானாக விடை தேடியதை நான் பார்த்தது அப்போதுதான். அவள் போட்ட வரைபடத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

கண்காட்சியில் நடுவர் அரை நிமிஷம் நின்றார். "இதுல எதிர்காலம் எங்கம்மா இருக்கு?" என்றார். "சின்னப் புள்ளைங்க சாப்புடுற எடம் சார் அது. தினமும் சோத்துல விழுது" என்றாள். அவர் அடுத்த மேஜைக்கு நகர்ந்துகொண்டே சொன்னார்: "ஒரு ரோபோ மாதிரி ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்ல?"

அப்பா

பரிசு வராவிட்டாலும் வரைபடத்தை வகுப்புச் சுவரில் ஒட்டினேன். யாரோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். நான்காம் நாள் வினோதினியின் அப்பா வந்தார். சட்டையெல்லாம் வெள்ளைப் புழுதி. வேலை செய்கிற இடத்தில் கூப்பிட்டு, "உம் பொண்ணாய்யா இது?" என்று கேட்டார்களாம். வேறெதுவும் சொல்லவில்லையாம்.

சண்டை போடுவார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பொய்யின்னு சொல்லலீங்க டீச்சர். நெசமா இருக்கறதாலதான் எடுக்கச் சொல்றேன்."

பட்டியல்

எடுத்துவிட்டேன். வினோதினி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கையாலேயே. ஓரம் கிழிந்துவிட்டது. அன்று அவள் முகத்தைப் பார்த்து என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

ஒன்றே ஒன்று நடந்தது. தலைமையாசிரியரிடம் போய்க் கெஞ்சினேன். எதையும் எழுத்தில் வைக்காமல், சாப்பாட்டுப் பந்தியைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார். அந்த மனிதர் செய்த ஒரே துணிச்சல். எங்கள் பள்ளியில் நடந்த ஒரே புதுமையும் அதுதான்.

வருஷக் கடைசியில் கம்ப்யூட்டரில் நிரப்ப 'புதுமை முயற்சிகள்' படிவம் வந்தது. 'பயன்படுத்திய கருவி' என்ற இடத்தில் தேங்காயெண்ணெய் என்று அடித்தேன். ஏற்கவில்லை. அருகில் இருந்த கம்ப்யூட்டர் பயிற்றுநர் எட்டிப் பார்த்தார். "லிஸ்ட்ல இருக்கறதத்தான் எடுக்கும் டீச்சர். ட்ரோன்னு போட்டுடவா?"

பதினொன்றாம் வகுப்பு

போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வினோதினியைப் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்புச் சீருடை. பத்தாவதில் அறிவியலில் நல்ல மார்க். என்ன குரூப் என்றேன். காமர்ஸ் என்றாள். ஏம்மா என்று கேட்டபோது சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அதுல நம்ம ஊரப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டியதில்ல டீச்சர்."

எதிர்காலத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யுங்கள் என்றார்கள், செய்துவிட்டேன்: எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிள்ளைக்காவது இப்போது நன்றாகத் தெரியும்.